திரையில் சரி, தாளில் தவறு

‘திரையில் எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?’ டிடிபி வேலை நடக்கும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரின் கொம்பு இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ஆண்டுமலர் அட்டையில் வெள்ளை எழுத்தில் வைத்த தலைப்பு அடியோடு காணாமல் போயிருக்கும். கணக்குப் புத்தகத்தின் அட்டவணையில் எண்கள் மட்டும் இருக்கும், கோடுகள் இருக்காது. உடனே பிரிண்டரைத் திட்டுவார்கள், கேபிளைக் கழற்றி மாட்டுவார்கள், டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள். சில நேரம் அதிலேயே சரியாகியும் விடும். எதனால் சரியானது என்று தெரியாததால் அடுத்த மாதம் அதே கோளாறு திரும்ப வரும்.

அந்தக் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. திரையில் தெரியும் படம் அப்படியே பிரிண்டருக்குப் போகிறது என்ற நம்பிக்கை. அப்படி எந்தப் படமும் போவதில்லை. பக்கத்தைத் திரையில் வரைவது ஒரு நிரல். தாளில் வரைவது இன்னொரு நிரல். இரண்டுக்கும் கிடைப்பது எழுத்தில் எழுதிய ஒரு குறிப்பு மட்டுமே. ‘ஏழு புள்ளி, நாலு வரை, ஊடுபுள்ளி’ என்று தொலைபேசியில் சொல்லிக் கொடுத்த கோலம் இரண்டு வாசல்களிலும் ஒன்றாக வருமா என்பது, சொன்னவர் எவ்வளவு சொன்னார், கேட்டவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதைப் பொறுத்தது. மென்பொருளிலிருந்து டிரைவர், டிரைவரிலிருந்து பிரிண்டர், பிரிண்டரிலிருந்து தாள் எனப் பக்கம் பல கை மாறுகிறது. கோளாறு அந்தக் கைமாற்றங்களில் ஏதோ ஒன்றில்தான் நடந்திருக்கும். எதில் என்று தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

பக்கத்தைக் குறிப்பாக எழுதி அனுப்பும் இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி என்ற இருவர். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்திலிருந்து வெளியேறி 1982இல் அடோபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் உருவாக்கிய போஸ்ட்ஸ்கிரிப்ட் ஒரு நிரல்மொழி. 1985இல் அதைப் புரிந்துகொள்ளும் லேசர்ரைட்டர் பிரிண்டரை ஆப்பிள் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கரை வெளியிட்டது. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் டிடிபி என்ற தொழில் பிறந்தது.

போஸ்ட்ஸ்கிரிப்டில் பக்கம் எப்படி எழுதப்படுகிறது என்று ஒரு முறை கிட்டப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. ‘72 72 மூவ்டு’ என்றால், தாளின் இடது கீழ் மூலையிலிருந்து ஓர் அங்குலம் வலப்பக்கம், ஓர் அங்குலம் மேலே போய் நில் என்று பொருள். ஓர் அங்குலத்துக்கு 72 அலகுகள். அடுத்து ‘144 72 லைன்டு’. அங்கிருந்து ஓர் அங்குல நீளத்துக்குக் கோட்டுக்கான பாதை போட்டாயிற்று. ‘ஸ்ட்ரோக்’ என்றால் அந்தப் பாதையில் மை. கடைசியாக ‘ஷோபேஜ்’ என்றால்தான் தாள் வெளியே வரும். எண்கள் முன்னே, வினை பின்னே. தமிழ் வாக்கியம் அமைவதுபோலத்தான். கோட்டுக்குள் எத்தனை புள்ளிகள் என்று இந்தக் கட்டளைகள் எங்கும் சொல்வதில்லை. அதைக் கணக்கிடுவது பிரிண்டருக்குள் இருக்கும் ரிப் என்ற மொழிபெயர்ப்பி. அங்குலத்துக்கு 300 புள்ளி போடும் பிரிண்டரில் ஓர் ஏ4 பக்கம் ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள். ஆப்செட் பிளேட் எடுக்கும் கருவி 2400 புள்ளி போட்டால் அதே பக்கம் 55 கோடியைத் தாண்டும். ஒரே குறிப்பிலிருந்து இந்த இரண்டையும் பெற முடிவதுதான் போஸ்ட்ஸ்கிரிப்டின் மேதைமை. கோளாறுகளும் அங்கிருந்தே முளைக்கின்றன.

காணாமல் போன அட்டவணைக் கோடுகளை எடுத்துக்கொள்வோம். கோட்டின் தடிமனைப் பூஜ்யம் என்று கொடுத்தால் போஸ்ட்ஸ்கிரிப்ட் அதைப் பிழையென்று தள்ளாது. ‘உன்னால் முடிந்த ஆக மெல்லிய கோட்டைப் போடு’ என்று எடுத்துக்கொள்ளும். சில மென்பொருள்களில் ‘ஹேர்லைன்’ என்று தேர்ந்தெடுத்தால் நடப்பது இதுதான். திரையில் அது ஒரு பிக்சல் கோடு, பளிச்சென்று தெரியும். அலுவலக லேசர் பிரிண்டரில் ஓர் அங்குலத்தின் முந்நூறில் ஒரு பங்கு, அதாவது 0.085 மில்லிமீட்டர். அதுவும் தெரியும். ப்ரூஃப் பார்த்தவர் ஓகே போட்டுவிடுவார். பிளேட் எடுக்கும் கருவியிலோ அது 0.01 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு. பிளேட்டில் அது நின்றாலும் தாளில் மையாக வந்து சேராது. இங்கே யாரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொரு கருவியும் சொன்னதை அப்படியே செய்திருக்கிறது. கோட்டுக்குக் கால் பாயிண்ட் என்று வெளிப்படையாக எண் கொடுத்திருந்தால் எல்லாக் கருவிகளிலும் 0.088 மில்லிமீட்டர் கிடைத்திருக்கும்.

பக்கம் என்பது நிரல் என்றால், மற்ற நிரல்களைப் போல அது பாதியில் நின்றும் போகலாம். பிரிண்டரின் விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்து கடைசியில் அணைந்துவிடும், தாள் வராது. பெரும்பாலும் ‘ஷோபேஜ்’ என்ற கட்டளையை எட்டுவதற்கு முன்பே பிழை வந்திருக்கும். பிழை வந்ததும் பிரிண்டர் அந்த வேலையின் மிச்சத்தை ஓசையில்லாமல் கொட்டிவிட்டு அடுத்ததற்குத் தயாராகிவிடும். பிழைச்செய்தியை அச்சிடும் வசதி பல டிரைவர்களில் உண்டு. அதை முடுக்கி வைத்தால் ஒரு தாளில் இரண்டு வரி வரும். ‘லிமிட்செக்’ என்றால், படத்தில் எங்கோ ஒரு வளைகோட்டில் தாங்க முடியாத அளவுக்குப் புள்ளிகள். ‘விஎம்எரர்’ என்றால் நினைவகம் நிரம்பிவிட்டது. ஏகப்பட்ட ஃபான்ட்களை ஒரே பக்கத்தில் போட்டவர்கள் இதை அதிகம் பார்த்திருப்பார்கள். ‘அன்டிஃபைன்ட்’ என்றால் கட்டளையே புரியவில்லை, வழியில் ஏதோ சிதைந்திருக்கிறது. சதவீதக்குறி, ஆச்சரியக்குறி, பிஎஸ் என்று தொடங்கி ஆங்கிலச் சொற்களும் எண்களுமாகப் பக்கம் பக்கமாக வந்து விழுகிறதா? போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாத பிரிண்டருக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட் அனுப்பியிருக்கிறீர்கள். அது குறிப்பை நிறைவேற்றாமல் வாசித்துக் காட்டுகிறது. அனுப்பிய டிரைவரை மாற்றினால் போதும்.

பிழைச்செய்தி எதுவும் வராதபோது என்ன செய்வது? எந்தக் கைமாற்றம் என்று வரிசையாகத் தேட வேண்டும். முதலில் வேறொரு சாதாரணக் கோப்பை அதே பிரிண்டருக்கு அனுப்புங்கள். அது வந்தால் கேபிள், டிரைவர், வரிசையில் சிக்கிய பழைய வேலை என்ற சந்தேகங்கள் எல்லாம் ஒரே அடியில் கழிந்தன. அடுத்து, கோளாறுள்ள கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி, அதை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். அதே கணினியில் பார்ப்பதில் பயனில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன். பிடிஎஃபிலேயே தவறு தெரிந்தால் பிரிண்டர் நிரபராதி. பிடிஎஃப் சரியாக இருந்து தாள் மட்டும் தவறாக வந்தால், அக்ரோபாட்டில் ‘பிரிண்ட் அஸ் இமேஜ்’ என்ற வசதியைப் போட்டு அச்சிடுங்கள். கணினியே எல்லாப் புள்ளிகளையும் போட்டு வெறும் படமாக அனுப்பிவிடும். அது சரியாக வந்தால், பிரிண்டருக்குள் இருக்கும் மொழிபெயர்ப்பி எதையோ புரிந்துகொள்ளாமல் தடுமாறுகிறது. நான்கு நிமிட வேலை. அரை நாள் டிரைவரோடு மல்லுக்கட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

கோப்பில்தான் குற்றம் என்று தெரிந்துவிட்டால் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போவதுதான் வழி. 128 பக்கப் புத்தகத்தில் ஏதோ ஒரு பக்கம் அச்சை நிறுத்துகிறது என்றால் முதல் 64 பக்கங்களை அனுப்புங்கள். வந்துவிட்டால் குற்றவாளி அடுத்த பாதியில். பிறகு 32, பிறகு 16. ஏழாவது முறையில் பக்கம் கையில் இருக்கும். பக்கத்தைப் பிடித்த பிறகு, அதன் நகலை எடுத்துப் பாதிப் பொருள்களை அழித்துவிட்டு இதே வேலையைத் தொடருங்கள். இணையத்திலிருந்து எடுத்த ஓர் ஓரச் சித்திரமோ, சேதமான ஒரு ஃபான்டோ கடைசியில் மிஞ்சும். கணினி அறிவியலில் இருமத் தேடல் என்று பாடம் நடத்துவது இதைத்தான்.

இனி எழுத்துகள். தமிழில் வேலை செய்பவர்கள் படும் பாட்டில் பெரும்பங்கு இங்கேதான். ஆங்கில ஆபரேட்டர் வாழ்நாளில் பார்க்காத கோளாறுகளை நம் ஊர் ஆபரேட்டர் தினமும் பார்க்கிறார்.

பழைய தமிழ் ஃபான்ட்களில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். மொத்தம் 256 இடங்கள். அவற்றில் ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றினார்கள். பாமினி ஃபான்டில் ‘தமிழ்’ என்று தெரிவது, கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அதைத் தமிழாகக் காட்டுவது ஃபான்ட் மட்டுமே. அச்சகத்துக் கணினியில் அந்த ஃபான்ட் இல்லையென்றால் தமிழ் மொத்தமும் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர்கள் பெரும்பாலும் கூரியர் ஃபான்டைப் போட்டு நிரப்பும். பிடிஎஃபை வேறு கணினியில் பார்க்கச் சொன்னதன் காரணம் இதுதான். ஃபான்ட் பிடிஎஃபுக்குள் பதியாமல் விட்டுப்போயிருந்தாலும், உங்கள் கணினியில் அது இருப்பதால் உங்கள் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

ஃபான்ட் சரியாக இருந்தும் ஒரே ஓர் எழுத்து மட்டும் மறையும் மர்மமும் உண்டு. 256 இடங்களில் சிலவற்றுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. 160ஆம் இடம் உடையாத இடைவெளி. 173ஆம் இடம், வரி முடிவில் சொல்லை உடைக்க நேர்ந்தால் மட்டும் தலைகாட்டும் மறைமுக இணைப்புக்கோடு. திஸ்கி குறியேற்றத்தின் முந்தைய வடிவில் ‘இ’ இருந்தது இந்த 173இல்தான். எழுத்தென்று நாம் நினைத்ததை மென்பொருள் இணைப்புக்கோடு என்று நினைத்து மறைத்துவிடும், ‘இது’ வெறும் ‘து’ ஆகிவிடும். பிறகு இகரத்துக்கு 254ஆம் இடத்தையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. ஒரு குறிப்பிட்ட எழுத்து மட்டும் புத்தகம் முழுக்க விடுபட்டிருந்தால் பிரிண்டரை விட்டுவிட்டு, அந்த எழுத்து ஃபான்டில் எந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டத்தான் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தரமாக அறிவித்தது. ஆனால் யூனிகோடு வந்ததும் பழைய கோளாறு போய்ப் புதியது வந்தது. பழைய ஃபான்டில் ‘கொ’ என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையே கோப்பிலும் இருக்கும். யூனிகோடில் முதலில் க, அதன் பிறகே ஒகரக் குறி. அதாவது உச்சரிக்கும் வரிசை. அதை இரண்டாகப் பிரித்துக் கொம்பை முன்னால் தள்ளி, காலைப் பின்னால் நிறுத்துவது எழுத்தை அடுக்கும் நிரலின் பொறுப்பு. பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது, அதன் கடைசிப் பதிப்பான ஏழுக்கும் தெரியாது. இன்டிசைனுக்குத் தெரியும், ஆனால் அதற்குள் இரண்டு வகை அடுக்குநர் உண்டு. ஆங்கிலத்துக்கான சாதாரண கம்போசரில் தமிழைக் கொட்டினால் கொம்பு தன் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுத்த நொடியில் எல்லாம் இடத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு பத்தியாக மாற்றாமல் ஸ்டைலிலேயே மாற்றி வைப்பது நல்லது. இல்லையென்றால் அடிக்குறிப்பு ஒன்று மட்டும் பழைய கம்போசரிலேயே தங்கிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, கொம்பு இடம் மாறுவது ஒருபோதும் பிரிண்டரின் பிழை ஆகாது. பிடிஎஃப் உருவாகும்போதே எந்த வடிவம் எந்த இடத்தில் என்று முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு வரிசையை மாற்றும் அறிவு பிரிண்டருக்குக் கிடையாது. அதே காரணத்தால், அச்சில் அருமையாக வரும் பிடிஎஃபிலிருந்து வரியை நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வருவதும் உண்டு. வடிவங்கள் சரியாக இருக்கின்றன; அவை எந்த எழுத்துகள் என்ற பின்குறிப்பு மட்டும் சரியில்லை. அச்சிட அது தேவையில்லை, தேட அது தேவை.

எழுத்திலிருந்து நிறத்துக்கு வந்தால், அட்டையில் மறைந்த வெள்ளைத் தலைப்பு. நாலு கலர் அச்சில் வெள்ளை மை கிடையாது. சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால், சிவப்பு பிளேட்களில் அந்த எழுத்தின் வடிவத்துக்குத் துளை விட வேண்டும், தாளின் வெள்ளை அதன் வழியே தெரியும். ‘ஓவர்பிரிண்ட்’ என்ற குறியை ஒரு பொருளுக்குப் போட்டால், அடியில் துளை விடாதே, மேலேயே அச்சடி என்று அர்த்தம். கறுப்பு எழுத்துக்கு இது நல்லது. நிறங்கள் அரை முடி விலகினாலும் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியாது. பிறகு யாரோ அந்தக் கறுப்புத் தலைப்பின் நிறத்தை மட்டும் வெள்ளையாக மாற்றுகிறார். ஓவர்பிரிண்ட் குறி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. துளை விடாதே, மேலே பூஜ்யம் மை போடு என்றாகிவிட்டது கட்டளை. தலைப்பு போயிற்று. சாதாரணத் திரைக்காட்சி இதைக் காட்டாது. ‘ஓவர்பிரிண்ட் ப்ரிவ்யூ’வை முடுக்கினால் அங்கேயே மறைந்துவிடும். பிளேட்டுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு அட்டையையும் அந்தக் காட்சியில் ஒரு முறை பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன்.

கறுப்பிலும் ஒரு வலை விரிந்திருக்கிறது. வேர்டில் அடித்த மேட்டரின் கறுப்பு, ஒளியின் கறுப்பு. ஆர்ஜிபியில் மூன்றும் பூஜ்யம். அதை மைக்கு மாற்றும்போது பரவலாகப் புழங்கும் ஓர் அமைப்பில் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று பிரிகிறது. பத்து பாயிண்ட் எழுத்தின் மெல்லிய காலை நான்கு பிளேட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இம்மியும் பிசகாமல் அடிக்க வேண்டும். ரிஜிஸ்டர் கொஞ்சம் அவுட் ஆனாலும் எழுத்து நிழல் தட்டும், படிக்கக் கண் வலிக்கும். பாட எழுத்து எப்போதும் தனிக் கறுப்பில்தான் இருக்க வேண்டும். ஸ்வாட்சில் ‘ரிஜிஸ்ட்ரேஷன்’ என்று ஒன்று கறுப்பாகவே தெரியும். அது கட்டிங் மார்க்குக்கு மட்டுமானது. அதை எழுத்துக்குப் போட்டால் நான்கு மையும் நூறு நூறாக 400 சதவீதம் ஏறி, காயாமல் மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

படங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் தெரிவது முன்னோட்டம்தான், அசல் படம் வேறு ஃபோல்டரில் இருக்கிறது. இணைப்பு அறுந்திருந்தால் முன்னோட்டமே அச்சாகி மொசைக் தரைபோல வரும். அதேபோல, பிடிஎஃபில் நிழல்களின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் பதற வேண்டாம். பெரிதாக்கிப் பாருங்கள். கோடு தடிக்காமல் அப்படியே இருந்தால், அது அடுத்தடுத்த துண்டுகளின் விளிம்பைத் திரை வழுவழுப்பாக்கும்போது வரும் மாயை, பெரும்பாலும் அச்சில் வராது. கூடவே தடித்தால் அது உண்மையான இடைவெளி.

அச்சின் அளவே குறைந்து வந்தால் பிரிண்ட் பெட்டியில் ‘ஃபிட்’ என்று இருப்பதை நூறு சதவீதமாக்குங்கள். அடையாள அட்டை, லேபிள் அடிப்பவர்கள் பக்கத்தின் ஓரத்தில் 100 மில்லிமீட்டர் கோடு ஒன்றை வரைந்து, அச்சான தாளில் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

எழுத்துச் சிக்கலுக்கெல்லாம் நம் ஊரில் பரவலாகச் சொல்லப்படும் மருந்து ‘கர்வ்ஸ் பண்ணி அனுப்பிடுங்க’ என்பது. எழுத்துகளை எல்லாம் வெறும் வளைகோட்டு வடிவங்களாக மாற்றிவிடுவது. ஃபான்ட் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை, கொம்பு நகராது. அட்டைக்கும் அழைப்பிதழுக்கும் இது சரியான வழிதான். முழுப் புத்தகத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சிறிய எழுத்தைப் புள்ளிகளுக்கு ஏற்றபடி நேர்த்தியாக்கும் குறிப்புகள் ஃபான்டுக்குள் இருக்கின்றன. கர்வ்ஸ் ஆனதும் அவை போய்விடும். 300 புள்ளி பிரிண்டரில் எழுத்து கனத்து, ‘ண’, ‘ணை’ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய இழப்பு, அந்தக் கோப்பில் இனி எழுத்தே இல்லை என்பது. கடைசி நேரத்தில் ஒற்றுப்பிழை கண்ணில் பட்டால் திருத்த வழியில்லை. மறுபதிப்புக்கு எடுத்தால் முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டும். பேஜ்மேக்கர் காலத்தில் போட்ட எத்தனையோ நல்ல தமிழ்ப் புத்தகங்கள் இன்று இப்படித் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டிய நிலையில்தான் குறுந்தகடுகளில் கிடக்கின்றன. கோப்பு இருக்கும், ஃபான்ட் இருக்காது. ஃபான்ட் இருந்தாலும் கோப்பைத் திறக்கும் மென்பொருள் இருக்காது.

ஆகவே அச்சகத்துக்கு ஃபான்ட் பதிந்த பிடிஎஃப், அவர்கள் வற்புறுத்தினால் கர்வ்ஸ் செய்த நகல். நம்மிடம் மூலக் கோப்பு, அதன் ஃபான்ட்கள், படங்கள், கூடவே கடைசித் திருத்தம் வரை சேர்த்த மேட்டர் யூனிகோடில் தனியாக ஒன்று.